உள்ளோரம் தேய்ந்த டயர்

அத்தை டயர் கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். காற்றடிக்கும் மோட்டார் காதருகே அலறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ ஒரு ரிம்மை சுத்தியலால் மொத்திக்கொண்டிருந்தார்கள். அவர் அசையவில்லை. மூன்று நாளாக ஒரே ஒரு டயர் அச்சின் பின்னால் அலைந்தால் யாருக்கும் அப்படித்தான் தூக்கம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் துப்பறியும் தொழிலில் உதவியாளுக்குத் தூங்கும் உரிமை கிடையாது. உதவியாள் வீட்டு மாப்பிள்ளையாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆமாம், அத்தை என்றால் என் மாமியார். முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக நசுங்கிய கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து, யார் சொல்வது பொய் என்று கண்டுபிடித்தவர். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க முடியாமல் துப்பறிய ஆரம்பித்தார். நான் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது என்னால் சும்மா இருக்க முடிந்தது. அதைத்தான் என் மனைவியால் தாங்க முடியவில்லை. "எங்கம்மாவுக்குக் கார் ஓட்ட ஆள் வேணுமாம்" என்று என்னைத் தள்ளிவிட்டாள். மாமியார் வீடு என்றால் ஜெயில் என்று எல்லாரும் கேலி செய்வார்கள். எனக்கு ஆபீசும் அதுதான்.

இப்போது அத்தையின் பழைய கார் எங்கள் தலைக்கு மேல் ஹைட்ராலிக் லிஃப்டில் நின்றது. கீழே, கை நிறைய கரியோடு, கடைக்கார அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். காரின் பின்சீட்டில் மூன்று நாளாக எங்களோடு அலையும் பெண் இப்போது கடை வாசலில் நகத்தைக் கடித்தபடி நின்றாள். அவள்தான் எங்கள் கட்சிக்காரி. டிரைவரின் மகள். ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். ஐந்தடிகூட இருக்கமாட்டாள்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் சைக்கிளில் பால் பாக்கெட் போடப் போனவரை ஒரு வெள்ளைக் கார் உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. பால்காரர் தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். போகிற போக்கில் கார் நடைபாதையில் ஏறி இறங்கியிருக்கிறது. அங்கே முந்தின நாள் மாலைதான் சிமென்ட் பூசியிருந்தார்கள். இடது முன்சக்கரம் அதில் அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டது. காரின் கதவில் ஒரு பம்ப் கம்பெனியின் பெயர் எழுதியிருந்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார்.

அந்தக் கம்பெனிக்கு ஒரே மாதிரி இரண்டு வெள்ளைக் கார்கள் உண்டு. ஒன்றை முதலாளிக்காக டிரைவர் ஓட்டுகிறார். ராத்திரி தன் வீட்டு வாசலிலேயே நிறுத்திக்கொள்வார். இன்னொன்று மேனேஜருடையது. அவர் முதலாளியின் மச்சான். இரண்டு காரிலும் கீறல்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் போலீஸ் டயர்களை மட்டும் பார்த்தது. டிரைவர் காரின் இடது முன் டயர் சிமென்ட் அச்சோடு அச்சாகப் பொருந்தியது. டயரின் மேடுகளில், பட்டன் என்பார்களே, அதில் இருந்த ஒரு வெட்டுக்காயம்கூட அப்படியே. "உன் கார்தான்யா" என்று சொன்னதுமே டிரைவர் "நான்தான் சார் இடிச்சேன்" என்று இரண்டு கையையும் நீட்டிவிட்டார். அதற்குமேல் போலீசுக்கு என்ன வேலை?

"எங்கப்பா இடிக்கலை. அந்த நேரத்துல அவர் வீட்டுல தூங்கிட்டிருந்தார்" என்று மகள் முதல் நாள் சொன்னாள்.

"அவர் தூங்கினது உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று அத்தை கேட்டார்.

"நான் முழிச்சிட்டிருந்தேன்" என்றாள். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

நாளைக் காலையில் போலீஸ் காவல் முடிந்து டிரைவரைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். அங்கேயும் அதே வாக்குமூலத்தைச் சொன்னால் கதை முடிந்தது. எங்களிடம் இருப்பது இன்று ஒரு பிற்பகலும், ஒரு டயரின் போட்டோவும்தான்.

"தம்பி, இது டயரா, வழுக்கைத் தலையா?" என்றார் கடைக்கார அக்கா, எங்கள் காரின் இடது முன் டயரைத் தட்டி. "வெளியோரம் மொட்டை. உள்ளோரம் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. வண்டி இடது பக்கம் இழுக்குதுதானே?"

"இழுக்குதுக்கா. நானும் வலது பக்கம் இழுக்கறேன். ரெண்டு பேரும் சேர்ந்து எப்படியோ நேரா போயிடறோம்."

"வாய் மட்டும் தேயலை உனக்கு. கேட்டுக்கோ. ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி. நடுவுல தேஞ்சா காத்து ஜாஸ்தி. ஒரே ஓரம் தேஞ்சா சக்கரம் கோணல், அலைன்மென்ட் பண்ணணும். திட்டுத்திட்டா குழி விழுந்தா ஷாக் அப்சார்பர் செத்துப்போச்சு. மாசம் ஒரு தடவை குனிஞ்சு பாத்தா எல்லாம் தெரியும். குனியறதுக்கு என்ன கேடு?"

"வயிறுக்கா."

"மாப்பிள்ளை, அந்த போட்டோவைக் காட்டுங்க" என்றார் அத்தை. கண் மூடியேதான் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் தூங்குகிறார் என்று நம்பி நான் இதுவரை என்னென்ன பேசியிருக்கிறேன் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டு போனை நீட்டினேன்.

அக்கா போட்டோவைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது உள்ளோரம் தேஞ்சது. கம்பியே தெரியுது பாருங்க. எவனோ பெரிய பள்ளத்துலயோ கல்லுலயோ விட்டு சக்கரத்தைச் சாச்சிருக்கான். அதுக்கப்புறமும் சரி பண்ணாம மாசக்கணக்கா ஓட்டியிருக்கான். சோம்பேறி. இந்த வண்டி நேரா போகாது. கையை விட்டா வலது பக்கம் ஓடும்."

"வண்டியைப் பாக்காமலே சொல்றீங்க?"

"செருப்பைப் பாத்தா நடை தெரியாதா?"

அத்தை கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணில் தூக்கம் அப்படியே இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் யாரோ விளக்கைப் போட்டுவிட்டார்கள். தன் போனை எடுத்தார். பம்ப் கம்பெனி மேனேஜரைக் கூப்பிட்டு, சர்வேயர் குரலில், கம்பெனி காரின் இன்ஷூரன்ஸ் சம்பந்தமாக ஒரு கையெழுத்து வேண்டும், நாலு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வர முடியுமா என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். மேனேஜர் வருகிறேன் என்றார். யார்தான் வரமாட்டார்கள்?

"கிளம்புங்க மாப்பிள்ளை."

"நம்ம வண்டி அலைன்மென்ட்?"

"அது அப்புறம்."

"கோணல் சக்கரத்தோடயா போறீங்க?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். கை கரி நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

மாமியாரோடு மாமியார் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

இன்ஸ்பெக்டருக்கு அத்தையை விபத்து கேஸ்களில் பழக்கம். அவரும் களைத்துப்போயிருந்தார். மேஜை மேல் இருந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. மகளைப் பார்த்ததும், "நீ அங்கே பெஞ்சில உக்காரும்மா" என்று மெதுவாகச் சொன்னார். அந்த ஒரு குரலுக்காகவே எனக்கு அவரைப் பிடித்தது. அவள் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"மேடம், நானே தூக்கமில்லாம கெடக்கேன். அவன் ஒத்துக்கிட்டான். டயர் பொருந்துது. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும். காம்பவுண்டுக்குள்ளேயேதான்."

அவர் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்களோடு முற்றத்துக்கு வந்தார். வெள்ளைக் கார் சுவரோரமாக நின்றது. நான் ஏறி, நெடுக்காக விட்டு, அத்தை சைகை காட்டியதும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தேன். கார் வலது பக்கம் ஓடும் என்று காத்திருந்தேன். ஓடவில்லை. கயிறு கட்டி இழுத்தது போல் நேரே போய்க்கொண்டே இருந்தது. சுவர் வந்துவிட்டதால் நான்தான் பிரேக்கை மிதிக்க வேண்டியிருந்தது.

"அத்தை, இந்த வண்டி என்னைவிட ஒழுங்கா இருக்கு" என்றேன் இறங்கி.

"தெரியுது மாப்பிள்ளை. கொஞ்சம் குனிஞ்சு டயரைப் பாருங்க. எனக்கு முட்டி ஒத்துழைக்காது."

குனிந்தேன். இன்றைக்கு எல்லாருக்கும் என் குனிதலில்தான் கண். இடது முன் டயர் போட்டோவில் பார்த்தது போலவே உள்ளோரம் மொட்டை. மற்ற மூன்றும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. பட்டன்களெல்லாம் ஒரே உயரம். ஸ்கேல் வைத்துச் செதுக்கினால்கூட அப்படி வராது. போன் விளக்கை அடித்து டயர்களின் உள்பக்கச் சுவரைப் பார்த்தபோது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது.

"வண்டிக்கு அம்மை போட்டிருக்கு அத்தை. செவப்பு செவப்பா புள்ளி. இந்த வலது முன் டயர்ல ரெண்டு. பின்னால இடது டயர்ல மூணு, வலது டயர்ல நாலு."

"இடது முன்னால?"

"அந்த மொட்டைக்கு ஒண்ணுமில்லை. அம்மை அதுக்கு மட்டும் வரலை."

அத்தை டிக்கியைத் திறக்கச் சொன்னார். ஸ்டெப்னி தன் குழியில் கிடந்தது. அதன் மேல் பாலிதீன் பையில் சுற்றி ஒரு தலையணை. பூப்போட்ட உறை. யாரோ அவசரமாக அமுக்கி மறைத்த மாதிரி மூலையில் திணித்திருந்தது.

"ஸ்டெப்னிக்குத் தலையணையா? இந்த கேஸ்ல என்னைத் தவிர எல்லாரும் தூங்கறாங்க."

"பேசாம டிக்கியை மூடுங்க மாப்பிள்ளை."

அத்தை இந்தக் குரலில் மரியாதையாகப் பேசினால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஸ்டேஷன் ஜன்னல் வழியாகத் தெரிந்த மகளின் தலையை ஒரு நிமிடம் பார்த்தார்.

"சார், இந்த டயர் இந்த வண்டியில தேயலை" என்றார் இன்ஸ்பெக்டரிடம். "சக்கரம் கோணலா இருக்கற வண்டியிலதான் இப்படித் தேயும். இது நேரா போகுது. நீங்களே பாத்தீங்க."

"இடிச்சதுக்கப்புறம் அலைன்மென்ட் பண்ணியிருப்பான்."

"டயரை அப்படியே விட்டுட்டா?"

இன்ஸ்பெக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "மேடம், தேஞ்ச டயர் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லாது. இவன் சொல்லுவான். நான் இடிச்சேன்னு சொல்ற ஆளை, நீ இடிக்கலைன்னு நான் எப்படி அனுப்ப முடியும்? அவன் வாயால அவனே இல்லைன்னு சொல்லட்டும். அப்புறம் பாப்போம்."

"அவ்வளவுதானே" என்றார் அத்தை. என் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். அவ்வளவு கனமாக அவர் பிடித்ததில்லை.

டிரைவர் லாக்கப்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆறடிக்குக் குறையாத மனிதர், முழங்காலைக் கட்டிக்கொண்டு மூலையில் சுருங்கிக் கிடந்தார். எங்களோடு வந்து வாசலில் நின்ற மகளை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. மூன்று நாளும் இப்படித்தான். அவள் முகத்தைப் பார்த்தால் எங்கே உடைந்துவிடுவோமோ என்று பயப்படுகிறவர் மாதிரி எனக்குப் பட்டது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அத்தை உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க இடிச்சீங்களா இல்லையான்னு கேக்க நான் வரலை. ஒத்துக்கிட்டீங்க. முடிஞ்சு போச்சு."

முதுகு அசையவில்லை.

"எனக்கு வேற ஒரு கேள்வி. இத்தனை வருஷம் வண்டி ஓட்டறீங்க. ஒரு டயரை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா உங்களுக்கு?"

கழுத்து கொஞ்சம் திரும்பியது.

"இடது முன் டயர் உள்ளோரம் பூரா மொட்டை. கம்பி வெளியே வந்திருக்கு. ஒரு நாள்கூட குனிஞ்சு பாக்கலை நீங்க. அந்த டயர்லதான் முதலாளியை உக்கார வெச்சு ஓட்டியிருக்கீங்க. பொண்டாட்டி பிள்ளையை ஏத்தியிருந்தா இப்படி விட்டிருப்பீங்களா?"

"எந்த டயரு?" என்றார் டிரைவர். மூன்று நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது என் பொறுப்பு. "விடுங்க அத்தை. காத்துகூட பாத்திருக்கமாட்டார். சாவியைத் திருகத் தெரிஞ்சவனெல்லாம் டிரைவர்னு சொல்லிக்கறான்."

அவர் எழுந்தார். எழுந்துகொண்டே இருந்தார். கம்பியைப் பிடித்தபோது தலை மேல் குறுக்குக் கம்பிவரை இருந்தது.

"யாரைப் பாத்து என்ன சொல்றே? நான் காத்து பாக்கலையா? வாரா வாரம் பாக்கறேன்யா. காலைல, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் சூடாகறதுக்கு முன்னாடி பாக்கறேன். ஒரு பள்ளத்துல விழுந்தா அன்னிக்கே அலைன்மென்ட். முன்னால டயரைப் பின்னால, பின்னால டயரை முன்னாலன்னு மாத்தி மாத்திப் போட்டு நாலையும் ஒரே மாதிரி தேய வெக்கறேன். எது எங்கே ஓடுச்சுன்னு மறந்துடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் உள்பக்கத்துல செவப்புப் புள்ளி வெக்கறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு! அந்த மொட்டை டயர்ல புள்ளி இருக்கா? போய்ப் பாத்துட்டு வந்து பேசு. இருக்கா?"

"இல்லை" என்றார் அத்தை.

"அப்ப அது என் டயரே இல்லை!"

எழுதிக்கொண்டிருந்த ஸ்டேஷன் ரைட்டரின் பேனா நின்றுவிட்டது. தான் என்ன சொன்னோம் என்று டிரைவருக்கே அப்போதுதான் உறைத்தது. வாய் திறந்தபடி நின்றார். ஒரு மனிதனின் காலை உடைத்தேன் என்று சொல்லச் சம்மதித்தவர், ஒரு டயரை மொட்டையாக விட்டேன் என்று சொல்லச் சம்மதிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அப்பா" என்று வாசலிலிருந்து ஒரு சின்னக் குரல். "அது என் நெயில் பாலிஷா?"

"பழசுதானேம்மா" என்றார் அவர், சுவரைப் பார்த்து.

"புதுசுப்பா. நான் அம்மாவைத் திட்டிட்டிருந்தேன்."

இன்ஸ்பெக்டர் கம்பியருகே வந்தார். "என்னய்யா இது? மூணு நாளா என் உசிரை வாங்கறே. உன் டயர் இல்லைன்னா நீ எதை வெச்சு இடிச்சே?"

டிரைவர் மகளை ஓரக்கண்ணால் பார்த்தார். மறுபடி சுருங்கினார். "டயர் எதுவா இருந்தா என்ன சார். இடிச்சது நான்தான். எழுதிக்கோங்க."

ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்த நிமிடத்தில் மனிதர் திரும்பவும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். இதற்குமேல் யார் இவரைக் காப்பாற்றுவது?

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. நாலு மணி.

மேனேஜர் வெளுத்த சட்டையும் வாசனையுமாக இறங்கினார். முற்றத்து நடுவிலேயே காரை நிறுத்தியிருந்தார். "பாவம் சார் எங்க டிரைவர், நல்ல மனுஷன், என்னமோ கெட்ட நேரம்" என்று இன்ஸ்பெக்டரிடம் வருத்தப்பட்டார். அத்தை ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மெதுவாகக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். கண்ணாடி அவர் மூக்கிலேயேதான் இருந்தது.

"சாவி குடுங்க சார், வழியில நிக்குது. ஓரமா விடறேன்" என்றேன்.

கொடுத்துவிட்டார். கார் சாவியைக் கேட்டவனிடம் கொடுத்துப் பழகிய கை.

ஏறி, மெதுவாக நகர்த்தி, கையை எடுத்தேன். அவ்வளவுதான். கார் கட்டவிழ்த்த மாடு மாதிரி வலது பக்கம் திரும்பி இன்ஸ்பெக்டரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்துப் போனது. "யோவ்! யோவ்!" என்று அவர் ஓடி வந்தார். ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினேன். இறங்கி, யாரும் சொல்லாமலே, இடது முன்சக்கரத்தின் அருகே குனிந்தேன். டயர் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. விளக்கை உள்பக்கம் அடித்தேன்.

"சார், கொஞ்சம் குனிங்க" என்றேன் இன்ஸ்பெக்டரிடம்.

அவர் குனிந்தார். உள்சுவரில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

"வியாதி இந்த வீட்டுல இருக்கு, வியாதிக்காரன் அந்த வீட்டுல இருக்கான்" என்றார் அத்தை பின்னால் நின்று. "இழுக்கற வண்டிக்கு நல்ல டயர். நேரா போற வண்டிக்கு மொட்டை டயர். ரெண்டும் எப்படி சார் மாறுச்சு?"

மேனேஜர் சிரித்துப் பார்த்தார். "பஞ்சர் கடையில மாத்திட்டானுங்க போல இருக்கு."

"ரெண்டு காருக்கும் ஒரே நாள்ல, ஒரே சக்கரத்துலயா பஞ்சர்?"

சிரிப்பு முகத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அவர் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். இடித்த பிறகு பயம். அன்று காலை டிரைவர் காரை ஷெட்டில் விட்டு பேங்குக்குப் போன நேரத்தில், ஜாக்கியை வைத்து இரண்டு சக்கரத்தையும் அவரே மாற்றிப் போட்டுவிட்டார். டயரை மாற்றத் தெரிந்தவருக்கு, டயர் ஏன் அப்படித் தேய்ந்தது என்று மட்டும் தெரியவில்லை. எப்போதாவது குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குனியாதவர்கள் கட்சியில் இத்தனை நாள் நானும் இருந்தேன் என்பது கொஞ்சம் சுட்டது.

லாக்கப் கதவைத் திறந்துவிட்டார்கள். டிரைவர் வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் நின்றார். விடுதலையான மனிதர் மாதிரி இல்லை. மாட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தார்.

"இப்பவாவது சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் கோபம்கூட மிச்சமில்லை. "நீ செய்யாத தப்பை எதுக்குய்யா ஒத்துக்கிட்டே? யார் மிரட்டினா?"

"மாப்பிள்ளை, டிக்கியில இருந்து அதை எடுத்துட்டு வாங்க" என்றார் அத்தை.

தலையணையைக் கொண்டுவந்து கொடுத்தேன். பாலிதீனைப் பிரித்து மகளிடம் நீட்டினார். "இது உங்க வீட்டுதுதானேம்மா?"

அவள் முகம் வெளிறியது.

"ஆறடி ஆளுக்கு ஸ்டியரிங் எட்ட தலையணை தேவையில்லை" என்றார் அத்தை. யாரையும் குற்றம் சொல்லாத, ரொம்பக் களைத்த குரல். "உனக்குத் தேவை. செவ்வாய்க்கிழமை காலைல உங்கப்பா எழுந்து வந்து பாத்தப்போ, இது டிரைவர் சீட்டுல இருந்திருக்கு. எடுத்து டிக்கியில ஒளிச்சு வெச்சுட்டார். பானெட்டும் சூடா இருந்திருக்கும். இல்லையா தம்பி?"

டிரைவர் தலை குனிந்துகொண்டார். "சாயங்காலம் இன்ஸ்பெக்டர் சார் வந்து உன் கார்தான்னு சொன்னாரும்மா" என்றார் அத்தையிடம். "அதுக்கு மேல நான் எந்த டயரைப் போய்ப் பாப்பேன்?"

மகளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"மைதானத்துலதான்பா ஓட்டினேன். அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட். நீங்க கத்துத் தரமாட்டேன்னுட்டீங்க. எட்டு போட்டுப் பாத்துட்டு உடனே கொண்டாந்து விட்டுட்டேன்பா. ரோட்டுக்கே போகலை. கம்பெனி வண்டியை எடுத்தேன்னு தெரிஞ்சா உங்களுக்கு வேலை போயிரும்னு பயந்து வாயைத் திறக்கலை. எனக்காகவாப்பா? நான் இடிச்சேன்னு நினைச்சா உள்ளே போய் உக்காந்தீங்க? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமேப்பா."

"கேட்டு நீ ஆமான்னு சொல்லிட்டா?" என்றார் அவர்.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ஏதாவது ஒரு ஜோக் வரும். தேடினேன். இல்லை.

டிரைவர் மகளை முதல் முறையாக நேராகப் பார்த்தார். மூன்று நாள் தாடி, கசங்கின சட்டை. திட்டப் போகிறாரா, கட்டிக்கொள்ளப் போகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

"வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி காத்து பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்பா" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீங்க பாக்கற மாதிரியேதான். டேஷ்போர்டுல இருக்கற கேஜை வெச்சு. நாலுலயும் முப்பத்திரெண்டு இருந்துச்சு."

"ஸ்டெப்னி?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"அதையும் பாக்கணும்" என்று ஆரம்பித்தார். "அதையும் பாக்கணும்னு எத்தனை தடவை..." அந்த ஆறடி மனிதர் மகளின் தோளில் தலையைச் சாய்த்துக்கொள்ள ரொம்பக் குனிய வேண்டியிருந்தது.